பின்னால் ஆடும் முப்பத்தாறு பேர்

கொடிக்கால்பேட்டைக்கு அந்த முப்பத்தாறு பேரும் வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நாலு நாளாக வராத தண்ணீர் லாரி தெப்பக்குளத் தெருவில் வந்து நின்ற அதே நேரத்தில் என்பதால், ஊர் முதலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது, அப்புறம்தான் அவர்களைப் பார்த்தது. பதினெட்டு ஆண், பதினெட்டு பெண். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை, பச்சைப் பேண்ட், நெற்றியில் ஒரே மாதிரி ரிப்பன், முகத்தில் ஒரே மாதிரிச் சிரிப்பு. ஆறு வரிசையாக, வரிசைக்கு ஆறு பேராக, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் நின்றார்கள். கடைசிக் குடமும் நிரம்பிவிட்ட சந்தோஷத்தில் லூர்தம்மா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். எங்கிருந்தோ தவிலும் டிரம்பெட்டும் சேர்ந்து கிளம்ப, எந்தப் படத்திலும் யாரும் கேட்டிராத ஒரு மெட்டுக்கு முப்பத்தாறு பேரும் அவளுக்குப் பின்னால் தோளைக் குலுக்கி, காலை மாற்றி, அவள் வீட்டு வாசல் வரைக்கும் ஆடிக்கொண்டே போனார்கள். லூர்தம்மா திரும்பிப் பார்த்தாள். "வாறது வாறிய, ஆளுக்கொரு குடத்தத் தூக்கிட்டு வரலாம்லா?" என்றாள். தூக்கினார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஊர்க்காரர்கள்.

ஊருக்கு இதில் பெரிய திகைப்பு ஒன்றும் இல்லை. ஆவுடைச்செல்விக்குத்தான் திகைப்பு, ஏனென்றால் அழைத்தது அவள்.

பந்தல், பாத்திரம், ஜமக்காளம் எல்லாம் வாடகைக்கு விடுகிற பூதலிங்கத்தின் மூத்த மகள் அவள். இருபத்தேழு வயது, ஊரிலேயே வாய் நீளம் என்று பெயரெடுத்தவள். கடையின் பின்கட்டில், மடித்து அடுக்கிய முந்நூறு ஜமக்காளத்துக்கு நடுவே, எதிரொலி எட்டிப் பார்க்காத இடம் அந்த ஊரில் அது ஒன்றுதான் என்பதால், அவளும் அவளோடு கல்லூரியில் படித்த சங்கிலிபூதத்தானும் வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் சம்மணம் போட்டு உட்கார்ந்து 'ரெண்டாவது சரணம்' என்று ஒரு பாட்காஸ்ட் பதிவுசெய்தார்கள். சங்கிலி மினி பஸ்ஸில் கண்டக்டர். எந்த ஸ்டாப்பில் எந்தப் பாட்டைப் போட்டால் எந்த அக்கா இறங்க மறந்துபோவாள் என்பது வரைக்கும் ஆராய்ச்சி செய்து வைத்திருந்தான். மைக்கைக் கட்டி, பேச்சை வெட்டி ஒட்டி வெளியிடுவது செல்போன் ரிப்பேர் கடை ஜெபசிங். யாரும் காது கொடுக்காத ரெண்டாவது சரணங்களைத் தேடிப்பிடித்துக் கேலி செய்வதும், வில்லன் வீட்டு மாடிப்படி மட்டும் ஏன் வளைந்தே இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் சண்டை போடுவதும், மழையில் ஆடுகிற காதலர்களுக்கு ஏன் சளி பிடிப்பதில்லை என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்பதும்தான் நிகழ்ச்சி. காதல் பாட்டை ஆவுடை கிழித்துத் தோரணம் கட்டுவதைக் கேட்கவென்றே உள்ளூரில் எண்ணூறு பேரும், ஊரை விட்டுத் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனவர்களில் இன்னொரு எண்ணூறு பேரும் இருந்தார்கள்.

இருபத்துமூன்றாவது நிகழ்ச்சியில் சங்கிலி கேட்டான்: "ஏட்டி ஆவுடை, பாட்டு முடிஞ்ச உடனே பின்னால ஆடுன கூட்டமெல்லாம் எங்க போவுது? மலை உச்சியில ஹீரோவும் ஹீரோயினும் மட்டும் நிக்காவ. எனக்குத் தெரிஞ்சி அந்த ரூட்ல பஸ்ஸே கிடையாது."

"சாப்பிட்டியளான்னு ஒருத்தன் கேட்டிருப்பானாலே?" என்றாள் ஆவுடை. அப்படியே கைக்கெட்டிய பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, அதில் மாப்பிள்ளை பெண் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் ஆட்டக்காரர்களைப் போட்டு, "நிகழும் ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ எங்கள் ஊருக்கு வருகைதந்து, இருந்து, உண்டு, ஆடிச் சிறப்பிக்க வேண்டுகிறேன், இங்ஙனம் தங்கள் நல்வரவை விரும்பும் ஆவுடைச்செல்வி, பூதலிங்கம் பந்தல் ஸ்டோர், தெப்பக்குளத் தெரு" என்று குரலை ஏற்றி இறக்கி வாசித்தாள். சங்கிலி ஜமக்காள அடுக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜெபசிங் மட்டும், "விலாசத்தோட வாசிச்சிருக்கிய மக்கா. வெட்டிரவா?" என்றான். கிடக்கட்டும் என்றார்கள். கொடிக்கால்பேட்டையில் பெயர் சொல்லி, நாள் சொல்லி, விலாசம் சொல்லி வாசித்துவிட்டால் அது அழைப்பு. விளையாட்டுக்கு வாசித்தேன் என்று அப்புறம் யாரும் கையை விரிக்க முடியாது. பிறந்ததிலிருந்து பத்திரிகைக்கு நடுவிலேயே வளர்ந்த ஆவுடைக்கு அது தெரியாமல் இல்லை, சிரிப்பில் மறந்துபோனாள்.

பூதலிங்கம் கடை வாசலில் நின்ற முப்பத்தாறு பேரையும் தலை எண்ணிப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "ஆடி மாசத்துல எவளாவது பத்திரிகை வாசிப்பாளா?" என்று மட்டும் திட்டிவிட்டு, "சரி, அழைச்சாச்சி, வந்தாச்சி. இலையப் போடு," என்றார். ஆடி என்பதால் கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. ஜமக்காளமும் தலையணையும் கடையிலேயே இருந்தன. அவர்கள் அங்கே தங்கினார்கள்.

இரண்டு மாதத்தில் ஊர் அவர்களை எப்படி எப்படியெல்லாம் பழக்கிக்கொண்டது என்று சொன்னால் விடிந்துவிடும். யாருக்கு மனசு துள்ளுகிறதோ அவர்களுக்குப் பின்னால் ஆட்டம் வரும், துள்ளல் அடங்கினால் ஆட்டமும் அடங்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் உடுப்பு மாறிவிடும், மஞ்சள் போய் நீலம் வரும், நீலம் போய் சரிகை வரும், அந்தச் சரிகை எந்த ஜவுளிக்கடையில் கிடைக்கும் என்று பெண்கள் விசாரித்து விசாரித்து ஓய்ந்தார்கள். பதினோரு வருஷம் அலைந்து பட்டா வாங்கிய ஆறுமுகநயினாருக்காகத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போன தாசில்தார், இன்னொரு தடவை பார்க்கிற ஆசையிலேயே அடுத்தடுத்த பட்டாக்களில் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். பெண் பார்க்கிற வீடுகளில் இப்போதெல்லாம் ஜாதகத்தை யாரும் விரிப்பதில்லை, மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கும்போது வாசலை எட்டிப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. சங்கரன்கோவிலில் இருந்து வந்த ஒரு மாப்பிள்ளை பெண்ணை நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் ஈ காக்கை இல்லை, கேசரித் தட்டு வந்தபோது ஆறு வரிசையும் அலறிக்கொண்டு வந்து ஆடியது. பெண்வீட்டார் கோபப்படவில்லை. இன்னொரு தட்டு கேசரி கொடுத்து, நல்லபடியாகப் பேசி அனுப்பி வைத்தார்கள்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, கணக்கு சரியாக வந்த பிள்ளைகளுக்குப் பின்னால் ஆடுவதை மைதானத்தோடு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். இழவு வீட்டுக்கு அவர்கள் வெள்ளை உடுத்தி வந்து, ஆடாமல், நாற்காலி எடுத்துப் போட்டார்கள். உரக்கடை வேலாயுதம், கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியறியாத மனுஷர், ஒரு நாள் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சினார். அடுப்படிக்குள் ஆறு பேர், முற்றத்தில் பன்னிரண்டு பேர், மிச்சப்பேர் மாடியில் என்று வீடே அதிர ஆட்டம் வந்தது. அவர் மனைவி பிச்சம்மாள் ஆட்டத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அடுப்பை அணைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவரும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

அன்றைக்குத்தான் ஆவுடைக்கு உறைத்தது, இந்த ஊரில் இனி எவரும் எதையும் ஒளித்து வைக்க முடியாது என்று.

அவளிடம் ஒளித்து வைக்க ஒன்று இருந்தது. சங்கிலியை அவளுக்குப் பிடிக்கும். தன் நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்து, கடைசி வரியைச் சொல்ல முடியாமல் திணறி, நீயே சொல்லிடு என்று அவளிடம் தள்ளிவிடுவானே, அந்தச் சங்கிலியைக் கல்லூரி முதல் வருஷத்தில் இருந்தே பிடிக்கும், சாப்பாடு இறங்காத அளவுக்குப் பிடிக்கும். சொன்னால் என்ன ஆகும் என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்: அவன் அதற்கும் சிரிப்பான், நல்ல ஜோக் என்பான், அப்புறம் நிஜம் என்று தெரிந்ததும் முகம் மாறும், வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று ஒன்று அவள் வாழ்க்கையில் இருக்காது. அதனால் எந்தக் காதல் பாட்டைக் கேட்டாலும் கிழித்தாள். ஊர் அதை ரசித்தது, அவனும் ரசித்தான்.

இப்போது முப்பத்தாறு பேர் வந்து காட்டிக்கொடுக்கக் காத்திருந்தார்கள். அவன் கடைக்குள் நுழையும்போதெல்லாம் ஆவுடை பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரிக்கும்போது மனசுக்குள் கடைச் சாமான்களை ஒப்பித்தாள்: அண்டா எட்டு, தவலை பன்னிரண்டு, கைப்பிடி போன வாளி மூன்று, சாம்பார்க் கரண்டி இருபது. அப்படியும் பயம் போகாமல், பதிவு நேரத்தில் பின்கட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். ஆட்டக்காரர்களுக்குக் கதவா ஒரு பொருட்டு! ஜமக்காள அடுக்குக்கு மேலே ஏறி நின்று ஆடினார்கள். ஆனால் ஆடியது சங்கிலிக்குப் பின்னால். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் சங்கிலிக்கு டீ ஆறாமல் வந்தாலே ஆட்டம் வரும், ஜன்னலோர சீட்டில் காற்று வந்தாலே ஆட்டம் வரும், அவன் பஸ்ஸில் எப்போதும் கூரைமேல் மூன்று வரிசை ஆடிக்கொண்டேதான் போகும்.

ஆவுடைக்குப் பின்னால் ஒரு தடவைகூட வரவில்லை. புரட்டாசி போனது, ஐப்பசி போனது, வரவில்லை. தப்பித்தேன் என்று முதலில் நிம்மதிப்பட்டவளுக்கு, போகப் போக அந்த நிம்மதியே கசந்தது. எருமை கன்று போட்டதற்காகப் பால்கார முண்டனுக்கு ஆடியவர்கள், தொலைந்த செருப்பு கிடைத்ததற்காக ஜெபசிங்குக்கு ஆடியவர்கள், அவளைக் கடந்து போகும்போது மட்டும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஊர் சும்மா இருக்குமா?

"ஏளா, உனக்கு ஒரு தடவகூட ஆட்டம் வரலயாமே, உடம்புக்கு எதுவும் செய்யுதா?" என்று லூர்தம்மா நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள். அம்மா பகவதி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அத்தைக்காரி ஒருத்தி, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர்களுக்கு நெஞ்சுக்குள் ஈரம் இருக்காது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். ஆவுடை அதை அப்படியே அடுத்த நிகழ்ச்சியில் ஜோக்காகச் சொல்லிச் சங்கிலியைச் சிரிக்க வைத்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நாற்பத்தொன்பதாவது நிகழ்ச்சி முடிகிற நேரம், சங்கிலி மைக்குக்கு முன்னாலேயே சொன்னான்: "சென்னையில ஒரு ரேடியோவுல கூப்பிட்டிருக்காவ ஆவுடை. காலை நேரத்து நிகழ்ச்சி. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்பதாவது முடிச்சிட்டு, திங்கக்கிழமை ரயில்." அவள் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். டீக்குக்கூட ஆடுகிறவர்கள் அங்கே இல்லை.

"நல்லதாப் போச்சி. இனிமே ஜமக்காளத்துல எச்சி தெறிக்காது," என்றாள். சங்கிலி சிரித்தான். வழக்கம்போல அடுக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கவில்லை, சும்மா சிரித்தான். போகாதேலே என்று சொல்லத்தான் நினைத்தாள். அவள் வாளிகளை எண்ணினாள்.

ஐம்பதாவது நிகழ்ச்சியை மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் நடத்துவது என்று ஊரே சேர்ந்து முன்பே முடிவு செய்திருந்தது. தை மாதத்து ஞாயிறு, காலை பதினோரு மணி. முந்நூறு நாற்காலி போதாமல், மேடைக்கு முன்னால் ஜமக்காளம் விரித்தார்கள். வேலாயுதமும் பிச்சம்மாளும் சேர்ந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள், தாசில்தார் குடும்பத்தோடு வந்தார், கேசரி மாப்பிள்ளைகூடச் சங்கரன்கோவிலில் இருந்து வந்திருந்தான். ஆவுடை ஒரு பக்கம் முழுக்கக் கேலி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வழியனுப்பும் பாட்டுகளில் ரயில் மட்டும் ஏன் அவ்வளவு மெதுவாகக் கிளம்புகிறது, கையாட்டுகிறவள் பிளாட்பார டிக்கெட் வாங்கினாளா இல்லையா என்று சங்கிலியும் அவளும் மாறி மாறி விளாசியதில் மண்டபம் உருண்டு புரண்டது; யாருக்குப் பின்னால் ஆடுவது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் வரிசை வரிசையாக ஓடி ஓடிக் களைத்தார்கள்.

கடைசியில் கூட்டத்தில் இருந்து கேள்வி கேட்கலாம் என்றான் ஜெபசிங். லூர்தம்மா எழுந்தாள். "அந்தத் தம்பி நாளைக்குப் போயிரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ என்னளா செய்வே?"

ஆவுடை கையில் இருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் இந்தக் கேள்விக்குக் கேலி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வேறொன்று வந்தது, அது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, ஒன்பது வருஷமாக மூடி வைத்தது மொத்தமும் பொங்கி நெஞ்சை முட்டியது. அந்த நொடியில் தவில் கிளம்பியது, டிரம்பெட் கிளம்பியது, வயலின் நூறு இருக்கும், அதுவரை அந்த ஊருக்கு வராத அத்தனை வாத்தியமும் கிளம்பியது. முப்பத்தாறு பேரும், யாரும் பார்த்திராத பட்டில், மேடை ஏறி ஆவுடைக்குப் பின்னால் ஆறு வரிசையாக வந்து நின்றார்கள்.

"ஆவுடைக்கு வந்துட்டு! எம் பிள்ளைக்கு வந்துட்டு!" என்று பகவதி நாற்காலிமேல் ஏறிக் கத்தினாள். மண்டபமே எழுந்து நின்றது. ஆட்டக்காரர்கள் வலது காலைத் தூக்கினார்கள்.

ஆவுடை திரும்பினாள். "நிறுத்துங்க," என்றாள்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. வயலின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"கோவிச்சிக்கிடாதிய. நீங்க என்னைய விட நல்லாச் சொல்லுவிய. ஆனா இத நான் என் வாயால சொல்லணும்."

ஆட்டத்தின் நடுவே அவர்களை எவரும் நிறுத்தியதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்து, மேடையை விட்டு இறங்கி, முன்னால் விரித்த ஜமக்காளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலம் காலமாகப் பின்னால் நின்று ஆடியவர்கள், ஆடும்போது பிடரியையும் முதுகையும் தவிர வேறெதையும் பார்த்தறியாதவர்கள், அன்றைக்குத்தான் முதல்முறையாக முன்பக்கத்தில் இருந்து இரண்டு மனுஷ முகங்களைப் பார்த்தார்கள். சிரிப்பை மறந்து, மோவாயைக் கையில் தாங்கிப் பார்த்தார்கள்.

"சங்கிலி," என்றாள் ஆவுடை. மைக்கில் அவள் மூச்சும் கேட்டது. "எனக்கு உன்னைப் பிடிக்கும்லே. காலேஜ்ல இருந்து பிடிக்கும். சிநேகிதமாப் பிடிக்கிறது வேற, இது வேற. இம்புட்டு நாளும் காதல் பாட்டையெல்லாம் கிழிச்சது, எங்க நானே நம்பிருவனோன்னு பயந்துதான். நீ சென்னைக்குப் போ, இல்ல போகாம இரு, அது உன் இஷ்டம். தெரியாமப் போயிரக் கூடாது. அம்புட்டுதான்."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற சங்கிலி சிரிக்கவில்லை. கையில் இருந்த மைக்கைத் தொடையோரம் இறக்கினான், இரண்டு எட்டு முன்னால் வந்தான், அவளிடம் குனிந்து என்னவோ சொன்னான். ஆவுடையின் முகம் மாறியதை மண்டபத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள், சொன்னது என்ன என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஜமக்காளத்தில் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் இருந்த ஆட்டக்காரி, ஊருக்கு வந்த ஆறு மாதத்தில் ஒரு சொல் பேசியிராதவள், பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, மைக்குல சொல்லுங்க! எங்களுக்குக் கேக்கல!"

சங்கிலி மைக்கை வாயருகே தூக்கினான். தூக்கிய வேகத்தில் அது ஒரு தடவை பல்லில் இடித்தது.

"எனக்குந்தான்ட்டி," என்று கத்தினான். மைக் கீச்சென்று அலறியது, மண்டபத்தில் ஒருவரும் காதைப் பொத்தவில்லை.